மைக்ரோஸ்கோப்ப பூட்டி வெச்சா பத்திரம்னு யாரு சொன்னது? கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவுல இருக்கவங்களுக்கும், அந்த சர்க்குலர்ல கையெழுத்து போட்ட முதல்வர் அவர்களுக்கும்,

லேப் கதவுல நீங்க ஒட்டச் சொன்ன சர்க்குலர படிச்சேன். இனிமே மைக்ரோஸ்கோப் எல்லாத்தையும் கீழ்த்தளத்து ஸ்டோர் ரூம்ல வெச்சு பூட்டணும், ப்ராக்டிகல் பரீட்சை அன்னைக்கு மட்டும்தான் வெளிய எடுக்கணும், மத்த நாள்ல கேமரா வெச்ச ஒரே ஒரு மைக்ரோஸ்கோப்ப ஸ்க்ரீன்ல போட்டு காட்டினா போதும், வருஷா வருஷம் பண்ற சர்வீஸ் இந்தத் தடவ கிடையாது, எந்த பேட்ச்ல லென்ஸ் உடையுதோ அந்த பேட்ச் மொத்தமும் சேந்து ஃபைன் கட்டணும். இவ்வளவுக்கும் காரணம்னு ஒரே வரிதான் இருக்கு, "மாணவர்களின் கவனக்குறைவால் தொடர்ந்து ஏற்படும் சேதம்".

அந்த வரியில பாதிதான் உண்மை சார். மீதி பாதிய நான் சொல்லணும், ஏன்னா அந்த மைக்ரோஸ்கோப்ங்கள தினமும் எடுத்து வெச்சு, தொடச்சு, கழட்டி பாத்து, திரும்ப மூடி வெக்கிற ஆளு நான். வாய்மொழியா சொன்னேன், "பாத்துக்கலாம்"னு சொன்னாங்க. எழுதிக் குடுத்தேன், பதில் வரல. அதனாலதான் இப்ப எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுறேன்.

மொதல்ல அந்த ஸ்டோர் ரூம பத்தி பேசுவோம். நீங்க யாராவது சமீபத்துல உள்ள போயிருக்கீங்களான்னு தெரியல. ஜன்னல் கிடையாது, செவுத்துல ஈரம் ஏறி பெயிண்ட் உரிஞ்சு நிக்குது, பழைய ரெக்கார்ட் நோட்டெல்லாம் கட்டு கட்டா பூசணம் புடிச்சு கிடக்கு. மைக்ரோஸ்கோப் லென்ஸுக்கு இதவிட மோசமான எடம் தேடினாலும் கிடைக்காது. லென்ஸ்ல பூஞ்சை புடிக்கிறதுக்கு என்னென்ன வேணும்னு பாருங்க: காத்துல ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல நாள்கணக்கா நிக்கணும், வெளிச்சம் கூடாது, காத்தோட்டம் கூடாது, யாரும் தொடக் கூடாது, கொஞ்சம் தூசியோ விரல் ரேகையோ சாப்பாட்டுக்கு இருந்தா போதும். இந்த அஞ்சையும் ஒண்ணு விடாம ஏற்பாடு பண்ணிக் குடுக்குது உங்க சர்க்குலர். எலிக்கு பயந்து வீட்ட கொளுத்தின கதைதான்.

நான் கற்பனையா சொல்லல. போன நீண்ட விடுமுறைக்கு "திருட்டு போயிடும்"னு சொல்லி பாதி மைக்ரோஸ்கோப்ப இதே ஸ்டோர் ரூம்லதான் வெச்சீங்க, மீதி மேல லேப் அலமாரியிலயே இருந்துச்சு. லீவு முடிஞ்சு திறந்தப்ப மேல இருந்தது எல்லாம் மேல தூசியோட நல்லா இருந்துச்சு. கீழ இருந்ததுல ஒண்ண எடுத்து லைட்ட போட்டு பாக்குறேன், படம் முழுக்க பால் ஊத்தின மாதிரி ஒரே மங்கல். கண்ண வெச்சு பாக்குற ஐபீஸ தொடச்சேன், மாறல. ஸ்லைட மாத்தினேன், மாறல. பத்து மடங்கு பெருசாக்குற 10எக்ஸ் லென்ஸுக்கு திருப்பினா பரவால்லாம தெரியுது, 40எக்ஸ்க்கு வந்தா மறுபடி மங்கல். சரி கோளாறு 40எக்ஸ் ஆப்ஜெக்டிவ்ல, அதாவது ஸ்லைடு பக்கம் இருக்க லென்ஸ்லதான்னு அத கழட்டி, ஒரு ஐபீஸ தலைகீழா புடிச்சு பூதக்கண்ணாடி மாதிரி வெச்சு அதோட முன் லென்ஸ பாத்தேன். ஓரத்துலேந்து நடுவ நோக்கி மெல்லிசா வெள்ள நூல் நூலா கெளம்பி, ஒவ்வொரு நூலும் ரெண்டா மூணா கிளை பிரிஞ்சு போயிருக்கு. வெளிப்பக்கம் தொடச்சேன், போகல. அது கண்ணாடிக்கு உள்பக்கம் இருந்துச்சு.

உள்ள போன பூஞ்சைய நாம ஒண்ணும் பண்ண முடியாது, ஆப்ஜெக்டிவ பிரிச்சு மேய தெரிஞ்ச ஆளுதான் பண்ணணும். அப்படி பண்ணினாலும் முழுசா சரியாகும்னு உத்தரவாதம் கிடையாது, ஏன்னா பூஞ்சை வளரும்போது ஒரு வித ஆசிட கக்கும், அது லென்ஸ் மேல இருக்க கோட்டிங்கையும் விட்டா கண்ணாடியவே கூட அரிச்சிரும். பூஞ்சைய தொடச்சு எடுத்தப்புறமும் அது ஓடின தடம் அப்படியே நிக்கும். அந்த லீவுல கீழ வெச்சதுல எத்தனைக்கு இந்த கதி ஆச்சுன்னு ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ரிமார்க்ஸ் கட்டத்துல எழுதி வெச்சிருக்கேன், கேட்டு வாங்கி பாருங்க. அதுல ஒண்ணு கூட மாணவர் கை பட்டு கெட்டதில்ல. யாரும் தொடாம இருந்ததாலதான் கெட்டுச்சு.

இதுல இன்னொரு கொடுமை, "தூசி படக்கூடாது"ன்னு சொல்லி ஒவ்வொண்ணையும் பிளாஸ்டிக் கவர் போட்டு வாய இறுக்கி கட்டி வெச்சாங்க. தூசி நெறைய இருக்க வறண்ட எடத்துல பிளாஸ்டிக் கவர் சரி. ஈரமான எடத்துல அதே கவர் உள்ள இருக்க ஈரத்த வெளிய விடாம புடிச்சு வெச்சுக்கும். கவர் போடுறதா இருந்தா காத்து போற துணிக் கவர் போடணும், இல்லன்னா உள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம் வெக்கணும், அதையும் வெச்சுட்டு மறந்துடக் கூடாது. நீல கலர் ஜெல் ஈரத்த குடிச்சு குடிச்சு ரோஸ் ஆயிடும், ஆரஞ்சு வாங்கினா பச்சையாகும், அப்படி ஆச்சுன்னா அதோட வேல முடிஞ்சுதுன்னு அர்த்தம், எடுத்து ஹாட் ஏர் ஓவன்ல 110, 120 டிகிரியில ரெண்டு மூணு மணி நேரம் வெச்சா மறுபடி பழைய கலருக்கு வந்துரும். ஓவன் நம்ம லேப்லயே இருக்கு. ஜெல்தான் இல்ல, கேட்டு கேட்டு ஓஞ்சு போச்சு.

இப்ப உடஞ்ச லென்ஸுக்கு வரேன், அத மூடி மறைக்க வரல. ஒரு 100எக்ஸ் ஆப்ஜெக்டிவோட முன் லென்ஸ் விரிசல் விட்டுச்சு, ஒண்ணு ரெண்டு 40எக்ஸ்ல கீறல் விழுந்திருக்கு, உண்மைதான். ஆனா எப்படி ஆச்சுன்னு யாராவது கேட்டீங்களா? "கவனக்குறைவு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டீங்க.

விரிசல் விட்ட அன்னைக்கு நான் அந்த டேபிள் பக்கத்துலதான் இருந்தேன். அந்தப் பொண்ணு ஸ்லைட தலைகீழா வெச்சிருக்கு, மேல மூடுற மெல்லிசு கண்ணாடி, கவர்ஸ்லிப், கீழ போயிடுச்சு. 4எக்ஸ், 10எக்ஸ்ல அது ஒண்ணும் தெரியாது, படம் ஜம்முன்னு வரும், ஏன்னா அந்த லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவுல எடம் தாராளமா இருக்கும். 40எக்ஸ்க்கு போனா அந்த இடைவெளி அரை மில்லிமீட்டர் சொச்சம்தான், 100எக்ஸ்ல அதவிட கம்மி, ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு, ரெண்டு பங்கு. கவர்ஸ்லிப்போட கனம் 0.17 மில்லிமீட்டர், ஸ்லைடோட கனம் ஒரு மில்லிமீட்டருக்கு கொறயாது. தலைகீழா வெச்சா லென்ஸ் அவ்வளவு கண்ணாடிய தாண்டி உள்ள பாக்கணும், அது நடக்கவே நடக்காது. ஃபோகஸ் வரல, வரலன்னு அந்தப் பொண்ணு நாப்ப திருகிக்கிட்டே இருக்கு, கண்ணு ஐபீஸ்ல, லென்ஸ் எங்க இருக்குன்னு பக்கவாட்டுல பாக்கணும்னு யாரும் சொல்லித் தரல, கடைசியில "கிரிச்"னு ஒரு சத்தம். நல்ல கம்பெனி ஆப்ஜெக்டிவ்ல இந்த மாதிரி முட்டினா லென்ஸ் உள்ள அமுங்கிப் போறதுக்கு ஒரு ஸ்பிரிங் இருக்கும். இதுலயும் இருந்துச்சு. 100எக்ஸ் லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவுல விடுற இம்மர்ஷன் ஆயில் பழசாகி, காஞ்சு கெட்டியாகி அந்த ஸ்பிரிங் இறுகிப் போய் ரொம்ப நாளாச்சு. வருஷா வருஷம் ஒழுங்கா சர்வீஸ் பண்ணியிருந்தா அது அமுங்கியிருக்கும், லென்ஸ் தப்பிச்சிருக்கும். இப்ப சொல்லுங்க, ஃபைன் யாரு கட்டணும்?

40எக்ஸ் கீறலுக்கும் ஒரு கதை இருக்கு. ஆயில் போட்டு பாக்குறது 100எக்ஸ்ல மட்டும்தான், 40எக்ஸ் காத்துல வேல செய்ற லென்ஸ். ஆயில் எதுக்குன்னா அதோட ஒளிவிலகல் எண் 1.515, கிட்டத்தட்ட கண்ணாடிக்கு சமம், அதனால ஸ்லைட விட்டு வர்ற வெளிச்சம் காத்துல பட்டு வளைஞ்சு செதறாம நேரா லென்ஸுக்குள்ள போகும். மாணவர் ஆயில் போட்டு பாக்குறாரு, சரியா தெரியல, பழக்க தோஷத்துல பின்னாடி 40எக்ஸ்க்கு திருப்புறாரு, 40எக்ஸ் லென்ஸ் அந்த ஆயில்ல முழுகி எழுந்திரிக்குது. அவருக்கு அது தெரியக்கூட தெரியாது. அடுத்த பேட்ச் வந்து "மங்கலா இருக்கு"ன்னு சொல்லி கர்ச்சீப்பால, கோட் நுனியால, கையில கிடைச்ச டிஷ்யூவால தேய்க்குது. டிஷ்யூ பாக்க மெத்துன்னு இருக்கும், அதுல இருக்க மர நாரு லென்ஸ் கோட்டிங்க சுரண்டிடும். லென்ஸ் மேல ஏற்கனவே தூசி இருந்தா கேக்கவே வேணாம். லென்ஸ் பேப்பர் குடுத்திருந்தா இது நடந்திருக்காது, ஆனா லென்ஸ் பேப்பர் தீந்து போய், வாங்கித் தரச் சொல்லி இன்டென்ட் போட்டது எப்பன்னு ஆபீஸ்ல கேளுங்க. "பேப்பர் தானே, நோட்டு பேப்பர வெச்சு தொடைங்க"ன்னு ஒரு பதில் வந்துச்சு. சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல.

இதுக்கு மேல ஒண்ணு சொல்றேன், கோவப்படாதீங்க. இருக்கறதுலயே பெரிய சேதம் நடந்தது இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள். லேப் பளபளன்னு இருக்கணும்னு ஆபீஸ்லேந்து ஆள் அனுப்பினீங்க. அவங்க மேல தப்பில்ல, சொன்னத செஞ்சாங்க. ஸ்பிரிட்டுல நனைச்ச துணிய வெச்சு ஆப்ஜெக்டிவ், ஐபீஸ், பாடி, ஸ்லைடு வெக்கிற ஸ்டேஜ்னு எல்லாத்தையும் ஒரே தொடப்பு. ஸ்பிரிட்டு நெறைய போனா லென்ஸ புடிச்சிருக்க பசைய எளக்கிடும், பெயிண்டையும் உரிச்சிடும். அப்புறம் "நல்லா காயட்டும்"னு சொல்லி வரிசையா ஜன்னல் வெயில்ல வெச்சாங்க. ஒவ்வொண்ணையும் ஒத்தக் கையால தூக்கி, செலது ட்யூப புடிச்சு, செலது ஸ்டேஜ புடிச்சு. மைக்ரோஸ்கோப்ப தூக்குற மொற ஒண்ணே ஒண்ணுதான், ஒரு கை வளைஞ்ச ஆர்ம்ல, இன்னொரு கை பேஸுக்கு அடியில, ஒடம்போட ஒட்டி, நிமித்தி. சாச்சு தூக்கினா பழைய மாடல்கள்ல ஐபீஸ் சும்மா சொருகி வெச்சதுதான், வழுக்கி கீழ விழும். அன்னைக்கு ஒண்ணு விழுந்துச்சு. அதுக்கு எந்த பேட்ச் ஃபைன் கட்டும்?

ஐபீஸ் விழுந்த ட்யூபுக்குள்ள தூசி போகக் கூடாதுன்னு ஒரு மூடி கூட கிடைக்காம, நான் ஃபிலிம் டப்பா மூடிய வெச்சு அடைச்சு வெச்சிருக்கேன். இன்னும் அது அப்படியேதான் இருக்கு.

சர்வீஸ நிறுத்தினதுக்கு நீங்க சொல்ற காரணம், "போன தடவ சர்வீஸ் பண்ணியும் பிரயோஜனம் இல்ல". அது சரிதான், ஒத்துக்குறேன். ஏன்னா அனுப்பினது மைக்ரோஸ்கோப் தெரிஞ்ச ஆள் கிடையாது, கட்டடத்துல எல்லா மெஷினையும் பாக்குற ஒப்பந்தக்காரரோட ஆளு. ஸ்டேஜ் தானா கீழ எறங்குதுன்னு சொன்னோம். அது பெரும்பாலும் ஸ்டேஜ வேகமா ஏத்தி எறக்குற கோர்ஸ் நாப் பக்கத்துல இருக்க டென்ஷன் வளையத்த கொஞ்சம் இறுக்கினா சரியாகுற விஷயம். அவரு தையல் மெஷினுக்கு விடுற எண்ணெய எடுத்து பல்சக்கரத்துல விட்டாரு. உள்ள இருந்த கெட்டி கிரீஸ் கரைஞ்சு வழிஞ்சு, முன்னாடி மெதுவா எறங்கின ஸ்டேஜ் இப்ப பொத்துன்னு எறங்குது. ரெண்டு பக்க நாப்பையும் ரெண்டு கையால எதிரெதிரா முறுக்கி "இறுக்கமா இருக்கான்னு பாக்குறேன்"னு வேற சொன்னாரு, அது கியருக்கே உலை வெக்கிற வேல. தப்பான ஆள கூப்பிட்டது சர்வீஸோட குத்தமா? சரியான ஆள கூப்பிடுங்கன்னு சொன்னா, ஆளே வேணாம்னு முடிவெடுத்திருக்கீங்க.

ஸ்க்ரீன்ல காட்டினா போதும்ங்கற விஷயத்துக்கு வருவோம், எனக்கு ரொம்ப வலிக்கிறது இதுதான். மைக்ரோஸ்கோப்ல பாக்குறதுங்கறது பாதி கண்ணு, பாதி கை. 100எக்ஸ்ல ஒரே நேரத்துல தெளிவா தெரியுற ஆழம் ஒரு மைக்ரான் கூட கிடையாது, மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. ரத்த சிவப்பணு ஒண்ணோட குறுக்களவு ஏழு மைக்ரான் சொச்சம். அதனால பாத்துக்கிட்டே இருக்கும்போது ஃபோகஸ மெல்ல மெல்ல நகத்துற ஃபைன் நாப்ல விரல் முன்னயும் பின்னயும் லேசா ஆடிக்கிட்டே இருக்கணும், அப்பதான் மேல இருக்கது தூசியா, ஸ்டெயின் படிஞ்சதா, உள்ள இருக்கது ஒட்டுண்ணியான்னு பிரிச்சுப் பாக்க முடியும். ஸ்லைடுக்கு கீழ வெளிச்சத்த குவிக்கிற கண்டென்சர ஏத்தி எறக்கி, வெளிச்சம் வர்ற தொளையான டயாஃப்ரம சுருக்கி விரிச்சு வெளிச்சத்த சரி பண்றது இன்னொரு கைவேல. சாயம் ஏத்தாத ஈர ஸ்லைடுல டயாஃப்ரம கொஞ்சம் சுருக்கலன்னா செல்லே கண்ணுக்கு தெரியாது, எல்லாம் ஒரே வெள்ள. இதெல்லாம் இன்னொருத்தர் ஃபோகஸ் பண்ணி ஸ்க்ரீன்ல போட்ட படத்துல எப்படி வரும்? நம்ம பசங்கள்ல நெறைய பேர் நாளைக்கு ஆஸ்பத்திரி லேப்ல போய் உக்காரப் போறாங்க. மலேரியாவுக்கோ டிபிக்கோ ஸ்லைடு பாக்கும்போது அவங்க கையில ஸ்க்ரீன் இருக்காது, நாப்தான் இருக்கும். 1882ல ராபர்ட் காக் டிபி பாக்டீரியாவ கண்டுபிடிச்சப்ப கூட புது சாயம் மட்டும் உதவல, அப்ப புதுசா வந்திருந்த ஆயில் இம்மர்ஷன் லென்ஸும் நல்ல கண்டென்சரும் சேந்துதான் அத கண்ணுல காட்டுச்சு. அந்த லென்ஸையும் கண்டென்சரையும் தொட்டே பாக்காம மூணு வருஷம் படிச்சு முடிச்சவங்கள வெளிய அனுப்பினா, அவங்க அங்க போய் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு பாத்தாலும் ஒண்ணும் பிடிபடாது.

பரீட்சை அன்னைக்கு மட்டும் எடுத்து குடுத்தா என்ன ஆகும்னும் யோசிச்சுப் பாருங்க. வருஷம் பூரா தொடாத பையன் கையில, பயத்துல, நேரம் ஓடிக்கிட்டு இருக்கும்போது, மைக்ரோஸ்கோப்ப குடுக்குறீங்க. அன்னைக்கு உடையிற லென்ஸ் கணக்கு நீங்க இப்ப பயப்படுறத விட கூடத்தான் இருக்கும்.

ஃபைன் பத்தி ஒண்ணே ஒண்ணு. பேட்ச் மொத்தமும் கட்டணும்னு சொன்ன அன்னைக்கே பசங்க வாய மூடிட்டாங்க. முன்னாடி "அண்ணா, லென்ஸ் ஸ்லைடுல இடிச்சிருச்சு"ன்னு ஓடி வந்து சொல்லுவாங்க, நானும் உடனே பாத்து ஆயில தொடச்சு, கண்ணாடித் தூள ஊதி எடுத்து, பெருசாகாம பாத்துப்பேன். இப்ப யாரும் வரதில்ல. சர்க்குலர் வந்ததுக்கு அப்புறம் ஒரு ஸ்டேஜ் மேல உப்புத் தண்ணி கொட்டி, தொடைக்காம அப்படியே விட்டு, கிளிப்பு துரு புடிச்சு நின்னத நானாதான் கண்டுபிடிச்சேன். உடனே தொடச்சிருந்தா ஒரு ஈரத்துணி வேல. ஃபைன் வந்ததால சேதம் கொறயல சார், சேதத்த சொல்றவங்கதான் கொறஞ்சிருக்காங்க.

சரியா பாத்துக்குறது பெரிய வித்தையும் கிடையாது. முடிச்சதும் லைட்ட மொதல்ல மங்கலாக்கி அப்புறம் ஆஃப் பண்ணணும், பல்பு ஆறினதுக்கு அப்புறம் கவர் போடணும். ஹாலஜன் பல்ப மாத்தினா வெறும் விரலால தொடக் கூடாது, விரல் எண்ணெய் பட்ட எடத்துல சூடு ஏறி சீக்கிரம் போயிடும். ஸ்டேஜ எறக்கி, சின்ன ஆப்ஜெக்டிவ கீழ வர மாதிரி திருப்பி வெக்கணும், அதுவும் ஆப்ஜெக்டிவ புடிச்சு திருப்பாம, அதெல்லாம் மாட்டியிருக்க நோஸ்பீஸ் வளையத்த புடிச்சு. தொடைக்கும்போது மொதல்ல ரப்பர் பல்பால தூசிய ஊதணும், வாயால ஊதினா எச்சில்தான் போகும், அப்புறம் லென்ஸ் பேப்பர் மேல ஒரு சொட்டு கிளீனர் விட்டு, லென்ஸ் மேல நேரா விடாம, நடுவுலேந்து வெளிய சுத்தி சுத்தி தொடைக்கணும், ஒரு தடவ தொடச்ச எடத்த திரும்ப பயன்படுத்தக் கூடாது. ஆயில அன்னைக்கே எடுக்கணும். இத பசங்களுக்கு ஒரு முழு ப்ராக்டிகல் வகுப்பு ஒதுக்கி சொல்லிக் குடுத்தா போதும், ஆனா டைம்டேபிள்ல மொத நாளே வெங்காயத் தோல் உரிச்சு ஸ்லைடு போடச் சொல்றீங்க, மைக்ரோஸ்கோப்ப பிடிக்கத் தெரியுமான்னு கேக்க நேரமே இல்ல.

இத தீத்து வெக்க நான் கேக்குறது இவ்வளவுதான்.

அந்த சர்க்குலர வாபஸ் வாங்குங்க. ஒரு மைக்ரோஸ்கோப் கூட கீழ்த்தள ஸ்டோர் ரூமுக்கு போகக் கூடாது. திருட்டு பயம்னா மேல லேப்ல இருக்க மர அலமாரிக்கே நல்ல பூட்டு போட்டுக் குடுங்க, அலமாரிக்குள்ள காத்து போற ஓட்டை போட்டு, ஒரு 40 வாட்ஸ் குண்டு பல்பு மாட்டிக் குடுங்க. நாலு மைக்ரோஸ்கோப்புக்கு ஒரு பல்பு தாராளம், வெளிய இருக்கத விட உள்ள அஞ்சு டிகிரி சூடா இருந்தாலே ஈரம் தங்காது. தயவுசெஞ்சு எல்இடி மாட்டிட்டு கணக்கு காட்டாதீங்க, அதுல வர்ற சூடு இதுக்கு பத்தாது. சிலிக்கா ஜெல் வாங்கிக் குடுங்க, காய வெக்கிறது என் பொறுப்பு.

சர்வீஸ மறுபடி தொடங்குங்க, ஆனா மைக்ரோஸ்கோப் மட்டுமே பாக்குற ஆளா பாத்து. வர்றவரு வேல செய்யும்போது லேப்லேந்து ஒருத்தர் கூட இருக்கணும், என்ன மாத்தினாரு, எந்த கிரீஸ் போட்டாருன்னு எழுதி கையெழுத்து வாங்கணும், அந்த கையெழுத்து இல்லாம பில்ல பாஸ் பண்ணாதீங்க. பூஞ்சை புடிச்ச ஆப்ஜெக்டிவ்ங்கள மொத வேலையா அனுப்புங்க, அதுவரைக்கும் மத்ததோட சேக்காம தனியா வெக்க எடம் குடுங்க.

பேட்ச் ஃபைன எடுத்துடுங்க. அதுக்கு பதிலா ஒவ்வொரு மைக்ரோஸ்கோப்புக்கும் ஒரு நம்பர், ஒரு சின்ன நோட்டு. எடுக்கும்போது எப்படி இருந்துச்சு, வெக்கும்போது எப்படி இருக்குன்னு ரெண்டு வரி, ஒரு கையெழுத்து. வருஷம் பூரா ஒருத்தருக்கு ஒரே நம்பர். சேதத்த தானா வந்து சொன்னவங்க மேல நடவடிக்கை இருக்காதுன்னு எழுத்துல போடுங்க.

ஒவ்வொரு புது பேட்ச்சுக்கும் மொத ப்ராக்டிகல் முழுக்க மைக்ரோஸ்கோப்ப தூக்குறது, ஃபோகஸ் பண்றது, தொடைக்கிறது, திருப்பி வெக்கிறது மட்டும்தான்னு டைம்டேபிள்ல ஏத்துங்க. பாடம் நடத்துறவங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன், அவங்கள்லயும் செல பேர் நோஸ்பீஸ ஆப்ஜெக்டிவ புடிச்சுத்தான் திருப்புறாங்க.

லென்ஸ் பேப்பர், ரப்பர் பல்பு ஊதி, காஞ்சு கெட்டியாகாத சிந்தெடிக் இம்மர்ஷன் ஆயில், ட்யூப அடைக்கிற மூடி, இந்த நாலுக்கும் போட்ட இன்டென்ட் ஆபீஸ்ல தூங்குது, கையெழுத்து போடுங்க. இன்ஸ்பெக்ஷன் வருதுன்னா லேப்புக்கு ஆள் அனுப்புறதுக்கு முன்னாடி எங்கள ஒரு வார்த்த கேளுங்க, தரைய தொடைக்கட்டும், கண்ணாடி ஜன்னல தொடைக்கட்டும், மைக்ரோஸ்கோப் இருக்க மேசைப் பக்கம் வர வேணாம்.

அடுத்த செமஸ்டர் ப்ராக்டிகல் தொடங்குறதுக்கு முன்னாடி இதுக்கெல்லாம் எழுத்துல பதில் வேணும். எது முடியும், எது முடியாது, முடியாதுன்னா ஏன்னு. பதில் வர்ற வரைக்கும் மைக்ரோஸ்கோப்ங்கள கீழ எறக்குற வேலைய நான் செய்யப் போறதில்ல, ஸ்டோர் ரூம் சாவிய துறைத்தலைவர் மேசையில வெச்சுட்டேன்.

இப்படிக்கு,
உங்க கல்லூரி லேப்ல வேல பாக்குறவன்